கொடிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

மாமல்லபுரம்
12-1-2025, ஞாயிறு

மஹீராவுக்கு மதார் மாமா எழுதுவது.

ஸலாம். பதில் ஸலாம் சொல்வது உன் கடமை என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

என் நம்பரை உன் போனில் அடைத்துவிட்டாய். நல்லது. தபாலாபீஸை அடைக்க முடியாது பார். இங்கே தபால்காரர் வீட்டு மிக்சிக்கு நான் சுற்றிக் கொடுத்த காயில் பதினாறு வருஷமாக ஓடுகிறது. என் கடிதத்தை மூட்டைக்கு மேல்பக்கமாக வைத்துத்தான் அனுப்புவார். ஊரப்பாக்கம் என்ன சீமையா? செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து ஒரு ரயில். ஆனால் உன் அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் மூஞ்சியை இங்கேயே வைத்துக்கொண்டு கையெழுத்தை மட்டும் அனுப்புகிறேன்.

கடை அமோகமாக நடக்கிறது. இந்த ஊரில் கல் செதுக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் இருக்கும் கிரைண்டர் நான் தொட்டுப் பிழைத்ததுதான். கல்தூசி உள்ளே போய் மோட்டார் ஆர்மேச்சர் எரிந்தால் என்னிடம்தான் வந்தாகவேண்டும். போன வாரம் ஒரு வெள்ளைக்காரர், அவர் நாட்டில் பெரிய இஞ்சினியராம், நான் காயில் சுற்றுவதை அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "எங்கள் ஊரில் இதற்கு மிஷின் இருக்கிறது, ஆனால் அந்த மிஷினுக்கு உங்கள் விரல் இல்லை" என்றார். அவர் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அதைத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்று அப்போதே சொன்னவன் நான்.

உன் அம்மாவை ஊரே பேசுகிறது. ஷாஜாதியின் ஜனாஸாவுக்கு ஆயிரம் பேருக்குக் குறையாது. பஸ்ஸையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு அந்த மரியாதையாவது கிடைத்தது.

நீ உன்னைப் போட்டு வருத்திக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். நீ வரைந்து கொடுத்த அலாரத்தில் ஒரு குறையும் இல்லை. நான் மாட்டியதிலும் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஹாரன் செங்கம்மாள் வீட்டுச் சுவரில்தானே மாட்டியிருந்தது? அன்றைக்கு அது நிற்காமல் ஊதியது. தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாம். அந்த அம்மாவுக்குத்தான் காது மந்தம். தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிவருகிறேன். உனக்கும் சொல்லிவிட்டேன். மனசை இறக்கி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா.

உன் மாமா,
மதார் சாகிப்


ஊரப்பாக்கம்
19-1-2025

மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது.

போனை அடைத்தது கோபத்தில் மட்டுமல்ல. பேச்சில் நீங்கள் ஒன்று சொன்னால் மறுநாள் அது வேறாக இருக்கும். நாற்பதாம் நாள் ஒரே பகலில் மூன்று விதமாகச் சொன்னீர்கள். அலாரப் பலகையை நான் பார்க்கவேண்டும் என்றேன். நான் வருவதற்கு முன்பே சுவரிலிருந்து கழற்றிவிட்டிருந்தீர்கள். பேட்டரி எங்கே என்றேன். கடலில் போட்டுவிட்டேன் என்றீர்கள். அதனால்தான் இனி எழுத்தில் கேட்கிறேன். எழுதிய தாள் மாறாது.

நீங்கள் இதை நாலு பேரிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். எல்லாருக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

அம்மா பதினெட்டு வருஷம் பட்டறையில் மாவுக்கல் யானைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அந்தத் தூசியில் நுரையீரல் கெட்டது. கடைசி ஒரு வருஷம் ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மிஷின் ஓடும். அதுவும் தீர்ந்தால் யாராவது ஓடிவந்து சிலிண்டரைத் திறக்கவேண்டும். அதற்குத்தான் அலாரம். கரண்ட் போனால் ஒரே ஒரு ஊதல். இன்வெர்ட்டரும் போனால் நிற்காமல் ஊதல். அந்த இரண்டாவது ஊதல் வரும் நேரத்தில் வீட்டில் வேறு எங்கேயும் மின்சாரம் இருக்காது. ஆகவே அலாரத்துக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி. செங்கல் அளவு இருக்கும். பிளக்கை நானே பற்றவைத்து உங்களிடம் கொடுத்தேன்.

ஆபீஸில் நாங்கள் மின்சுற்றுப் பலகைக்கு வரைபடம் போட்டு முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை ஓட்டுவோம். அது ஒவ்வொரு கம்பியாகப் போய்ப் பார்க்கும். கம்பி எங்கேயாவது தொங்கினாலோ, ஒரு உறுப்புக்கு மின்சாரம் தருபவர் யாருமில்லை என்றாலோ, அந்த இடத்தில் சிவப்பு அம்பு போடும். அக்டோபரில் நான் இரண்டு ஊதலுக்காக வரைபடத்தை மாற்றியபோது பேட்டரி வரும் இடத்தில் அம்பு விழுந்தது. பேட்டரி பலகைக்கு வெளியே இருப்பதால் அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் ஒரு கொடி வைப்போம். "வெளியிலிருந்து வருகிறது, நம்பு" என்று அர்த்தம். கொடி வைத்ததும் அம்பு மறைந்துவிடும். அதற்குமேல் அது கேள்வி கேட்காது.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கொடி வைத்தால், யார் சொல்லி வைத்தோம் என்று பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதவேண்டும். நான் வீட்டு வேலைக்கும் அதை விடவில்லை. அக்டோபர் இருபதாம் தேதி உங்களுக்குப் போன் செய்தேன்.

"மாமா, அந்தச் சின்ன பேட்டரி மாட்டியிருக்குதுல்ல?"

"கண்ணு முன்னாலயே கீது மஹீ. நீ இன்னா, என்னையே டெஸ்ட் பண்றியா?"

சிரித்தேன். கொடியை வைத்தேன். பக்கத்தில் "மதார் மாமா, 20-10-2024" என்று எழுதினேன். புதுப் பலகையை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். இருபத்தாறு நாள் கழித்து அம்மா இறந்தார்கள்.

வரைபடத்தின் நகல் இதனுடன் இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வி. நவம்பர் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தப் பேட்டரி அந்த பிளக்கில் மாட்டியிருந்ததா?

மஹீரா


மாமல்லபுரம்
28-1-2025

மஹீக்கு,

உன் கடிதமும் நகலும் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டர் வரைந்த படத்தில் என் பெயரா? நீ முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? இஞ்சினியர்களின் தாளில் பெயர் ஏற வேண்டுமென்றால் அவனவன் எத்தனை வருஷம் படிக்கிறான். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். நேற்று ஒரு கல்லூரிப் பையன் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அவன் புரொபசர் என்னைப் பார்க்க வந்தாலும் வருவார்.

இனி உன் கேள்வி. மாட்டியிருந்தது. சந்தேகமே வேண்டாம். நான் ஒரு பிளக்கை மாட்டினால் பூகம்பம் வந்தாலும் கழலாது. ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். பலகையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், ஹாரனுக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. சாதாரண எலி இல்லை. நம் ஊர் எலி கடல்மீன் தின்று வளர்ந்தது, பூனை மாதிரி இருக்கும். வயரை இரண்டு துண்டாக்கிவிட்டது. அதனால்தான் ஊதவில்லை. அது தவிர உப்புக்காற்று. கடலோரத்தில் எந்தச் செம்பும் ஒரு வருஷத்துக்குமேல் செம்பாக இருக்காது என்று நான் அப்போதே சொன்னேன்.

பேட்டரியை அடக்கம் முடிந்த மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். வீட்டில் அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. நீயே யோசி, தங்கையைப் பறிகொடுத்தவனுக்கு அதைப் பார்க்க மனசு வருமா?

அன்றைக்கு ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கேயும் நிற்காமல் நேராக வீட்டுக்குத்தான் ஓடிவந்தேன். பள்ளிவாசலிலிருந்து நம் வீடு எட்டு நிமிஷம். நான் ஐந்து நிமிஷத்தில் வந்தேன். அதற்குள் விதி முந்திக்கொண்டது. இதில் நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன்?

பொங்கலுக்கு செங்கம்மாள் கொடுத்த கரும்பு இன்னும் மூலையில் நிற்கிறது. கடித்துத் தின்ன ஆளில்லை. நீ வந்தால் தீரும்.

மதார் மாமா


ஊரப்பாக்கம்
4-2-2025

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் போனேன். என் வேலையே அதுதான்.

முதல் கடிதத்தில் ஹாரன் நிற்காமல் ஊதியது, டீக்கடை வரை கேட்டது. இரண்டாவதில் எலி வயரைக் கடித்ததால் ஊதவே இல்லை. ஊதவில்லை என்றால் செங்கம்மாள் அக்காவின் காது எப்படி மந்தமானது? வயர் இரண்டு துண்டாக இருந்தால் அன்று காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனபோது ஒரு ஊதல் மட்டும் எப்படி வந்தது? பேட்டரி நாற்பதாம் நாள் கடலில் இருந்தது, இப்போது இரும்புக்கடையில் இருக்கிறது. அடக்கத்துக்குக் கபரஸ்தானுக்கு வந்தவர்கள் அறுபது பேர். நான் எண்ணவில்லை, சோறு ஆக்கியவர் சொன்னார். ஆயிரம் பேர் என்பதை நான் பொருட்படுத்தவில்லை, அது யாரையும் கடிக்காது. மற்றவை அப்படி இல்லை.

பதினோரு மணி ஊதலை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். செங்கம்மாள் அக்கா போன் செய்தார்கள். ஹோட்டலில் துணி துவைக்கப் போகிறவர்கள், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுக்காகத்தான் வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு வாட்டி ஊதிச்சும்மா. ஓடிப்போயி பாத்தேன். நல்லாத்தான் இருந்தாங்க. 'கரண்ட்டு போயிருக்கு, இன்வெட்டர்ல ஓடிகினு கீது, நீ போயி உலைய பாரு, மறுபடி ஊதினா வா'ன்னாங்க. நானும் உலைய எறக்கிட்டு செவுத்தாண்டையே குந்திகினு இருந்தேன். அது ஊதவேயில்ல. இப்ப தெருவுல எல்லாரும் என்னிய செவுடின்றாங்க. பால் ஊத்தறவன்கூட எங்கிட்ட கையால சைகை காட்டறாம்மா."

மாமா, நான் உங்களை மாட்டிவிடுவதற்காகக் கேட்கவில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது ஊதல் வராததற்குக் காரணம் இரண்டில் ஒன்றுதான். பேட்டரி மாட்டியிருக்கவில்லை. அல்லது என் வரைபடம் தப்பு. அந்த வரைபடத்தை நான் எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் பிழை இல்லை என்றுதான் வருகிறது. அதை நான் நம்பவில்லை. பிழை இல்லாத படம் போட்ட பலகைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் அம்மா மூச்சு முட்டி இறந்தார்கள்.

எனக்கு இப்போது ஆபீஸில் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் ஒரு பம்ப்பின் வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலை. பதினோரு கொடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். டிசம்பரிலிருந்து ஒன்றில்கூடப் போடவில்லை. கை ஓடவில்லை. எங்கள் தலைமை ரூத் மேடம் நல்லவர், பிப்ரவரி முடியட்டும் என்றிருக்கிறார். தப்பு என்னுடையது என்றால் நான் இந்த வேலையை விட்டுவிடுவேன். இன்னொருவர் அம்மாவை நான் கொல்லமாட்டேன். தப்பு என்னுடையது இல்லை என்றால், அதையும் எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

எனக்குத் தெரியாமலேயே போகும்படி செய்துவிடாதீர்கள். எலி வேண்டாம். உப்புக்காற்று வேண்டாம். பேட்டரி மாட்டியிருந்ததா?

மஹீரா


மாமல்லபுரம்
12-2-2025

மஹீரா,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். நாலு இல்லை. இரண்டு.

பேட்டரி மாட்டியிருக்கவில்லை. அது என் கடையில் இருந்தது.

எப்படி என்று எழுதுகிறேன். செப்டம்பர் கடைசியில், சிற்பப் பட்டறை வைத்திருக்கும் பூபாலன், செங்கம்மாள் வீட்டுச் சுவரில் என்ன ஹாரன் என்று கேட்டான். நான் கண்டுபிடித்தது என்றேன். "கண்டுபிடிச்சியா? கொண்டாந்து காட்டு அண்ணாத்த, பாக்கலாம்" என்றான். அவன் முகத்தில் ஒரு நக்கல் இருந்தது. வீட்டுக்குப் போய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். கடையில் ஒரு பழைய ஹாரன் கிடந்தது. இரண்டையும் ஒரு மரப்பலகையில் வைத்து, ஒரு பட்டன் போட்டு, மேலே பெயின்டில் "மதார் அலாரம்" என்று எழுதினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அழுத்திக் காட்டினேன். நீ பற்றவைத்த பிளக் அழகாக இருந்தது. அதையும் நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

நாளைக்குத் திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தேன். அதுவரைக்கும் வீட்டுப் பலகைக்கு இன்வெர்ட்டர் லைனிலிருந்தே ஒரு அடாப்டர் போட்டேன். நீ அனுப்பிய புதுப் பலகைக்கும் அதையேதான் மாட்டினேன். மெயினை இறக்கிப் பார்த்தேன். ஒரு ஊதல் ஊதியது. டெஸ்ட் பாஸ் என்று நினைத்தேன். இன்வெர்ட்டரில் இருப்பது யானை மாதிரி பேட்டரி, நீ கொடுத்தது பொம்மைக்குப் போடுகிற மாதிரி. யானை இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். யானை விழுந்தபிறகு ஊதுவதற்குத்தான் அது என்று நீ சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் காதில் வாங்கவில்லை.

நீ போன் செய்தபோது நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி என் கண் முன்னால்தான் இருந்தது. அதனால் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான்.

அன்றைக்கு ஜும்ஆ முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. காற்றில் மரம் விழுந்து ஊரெல்லாம் கரண்ட் இல்லை. கடை வாசலில் பூபாலனும் இன்னும் மூன்று பேரும் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத நாளில் காட்டினால்தான் இதன் அருமை தெரியும் என்று கடையைத் திறந்தேன். அழுத்தினேன். ஊதியது. "இன்னா சவுண்டு அண்ணாத்த, கோபுரமே எழுந்துக்கும் போலகீது" என்று பூபாலன் காதைப் பொத்திக்கொண்டான். நக்கல் போய்விட்டது. இன்னொரு தடவை அழுத்தினேன். நாலு பேர் ஆறு பேரானார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் வீட்டில் இன்வெர்ட்டர் தீர்ந்தது.

பேட்டரியை எடுத்த அன்று உன் அம்மா பார்த்துவிட்டாள். சிரித்தாள். "எடுத்துகினு போண்ணே, நாலு பேருக்குக் காட்டு, மறக்காம கொண்டாந்து வெச்சுடு" என்றாள்.

மேலே இருக்கும் இந்த வரிகள் பொய். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் பிளக்கை உருவினேன். அவளையும் இதில் சேர்த்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன். வேறு தாள் எடுத்தால் வேறு ஏதாவது சேர்த்துவிடுவேன். அப்படியே விடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதுவும் இருக்கட்டும்.

நேற்று செங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ எனக்கு காது கேக்குது."

"கேக்குது."

"மூணு மாசமா நானே என் காதாண்ட வெரல சொடுக்கிப் பாத்துகினு கீறேன் அண்ணாத்த. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக்கூட போயி குந்திகினு வந்தேன். நல்லாத்தான் கேக்குதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அதையும் நம்பல நானு. அந்தம்மா எதிர்ல குந்திகினு கீற மாதிரியே கீது, கூப்ட மாதிரியே கீது, எனக்குத்தான் கேக்கலயோன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கேயிருந்து டீக்கடைக்குப் போய் இருந்தவர்களிடமும் சொன்னேன். பூபாலன் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

உன் வரைபடத்தில் பிழை இல்லை. உன் ஆபீஸில் இந்தத் தாளைக் காட்டவேண்டுமானால் காட்டு. அதற்காகத்தான் முழுப் பெயர் போடுகிறேன்.

அ. மதார் சாகிப்


ஊரப்பாக்கம்
18-2-2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலையிலிருந்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன்.

நீங்கள் சொன்னதுபோல் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டு வரைந்து பார்த்தேன். ஒரு ஊதல் வரும், இரண்டாவது வராது. எல்லாம் பொருந்துகிறது. நீங்கள் எழுதிய எதுவும் இவ்வளவு சரியாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

ரூத் மேடத்திடம் சொன்னேன். தாளைக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். "போயி ஒவ்வொண்ணையும் உன் கண்ணால பாத்துட்டு வா. ஆள் சொன்னாங்க, பேர் சொன்னாங்கன்றத வுடு" என்றார். பம்ப்பைத் தயாரிக்கும் இடத்துக்கே போய் மூடியைக் கழற்றி, பதினோரு கொடிகளில் நாலைப் பார்த்துவிட்டேன். நாலிலும் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவதில் வயரே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

வேலையை விடவில்லை. ஆனால் தப்பு உங்களோடு முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கவேண்டாம். எனக்கு உங்களைப் பிறந்ததிலிருந்து தெரியும். நீங்கள் "இருக்கு" என்றால் பாதிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனில் கேட்டேன், சிரித்தேன், உங்கள் பெயரை எழுதிவிட்டுத் தூங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பார்த்திருக்கலாம். அன்றைக்கு துணி துவைக்கவேண்டியிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக இந்தக் கடிதம் மேசையில் கிடந்தது.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னீர்கள். "நான் போறப்ப மூச்சு இருந்துது மஹீ. என்னைப் பாத்து கலிமா சொன்னா. சிரிச்ச முகமா போனா" என்றீர்கள். அம்மாவும் அப்படித்தான் படுத்திருந்தார்கள், தூங்குவதுபோல. கடைசி மூச்சில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள், இந்த மூன்று மாதமும் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். வரைபடத்தை ஓட்டி ஓட்டிப் பைத்தியம் பிடிக்கும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் கண்ணை மூடியிருக்கிறேன்.

உங்கள் போன கடிதத்தைப் படித்தபிறகு அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை, எறியவும் முடியவில்லை. நீங்கள் முக்கால் மணி நேரம் கடையில் நின்றீர்கள் என்றால், அம்மா உங்களைப் பார்த்து எப்போது சொன்னார்கள்?

பதில் எழுத முடியவில்லையென்றால் எழுதவேண்டாம். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்வேன். எழுதுவதாக இருந்தால், எனக்கு எது நல்லது என்று பார்த்து எழுதாதீர்கள்.

மஹீரா


மாமல்லபுரம்
26-2-2025

மஹீரா,

நான் வீட்டுக்குள் போனபோது அந்த அறையில் வேறு யாரும் இல்லை. செங்கம்மாள் நான் கூப்பிட்டபிறகுதான் வந்தாள். அதனால் நான் எதை எழுதினாலும், இல்லை என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. ஐந்து நாளும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருந்துவிட்டால் உனக்குப் பாதியாவது மிஞ்சுமே என்றும் யோசித்தேன். அதுவும் நான் பார்த்துக் கொடுக்கிற பாதிதான்.

கலிமாவை நான் கேட்கவில்லை. நான் போகும்போது மூச்சு இல்லை. உடம்பில் சூடு இருந்தது.

நீ வந்து பார்த்தபோது இருந்தமாதிரி அவள் படுத்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. இடுப்புக்கு மேல் உடம்பு கட்டிலைவிட்டுக் கீழே சரிந்திருந்தது. வலது கை சிலிண்டர் பக்கம் நீண்டிருந்தது. அதற்கும் கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. சிலிண்டரை அந்த மூலையில் வைத்ததும் நான்தான்.

தூக்கிப் படுக்கவைத்தேன். அவள் கண்ணை மூடினேன். கையை மடித்து நெஞ்சின்மேல் வைத்தேன். வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். முந்தானையைச் சரிசெய்தேன். அதற்கப்புறம்தான் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தேன்.

கலிமாவை மனசுக்குள் சொல்லியிருப்பாள் என்று எழுத வருகிறது. எனக்குத் தெரியாது.

மதார்